படுக்கையில் ஈரம் தங்கவிடாதீர்கள்: தனிக்குடித்தனம் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதன்முதலாக வாடகை வீடு எடுத்துத் தனியாக வந்தவர்களும், கல்யாணமாகிப் புதுக்குடித்தனம் வைத்தவர்களும் சாம்பார் வைக்க அம்மாவுக்கு போன் போடுவார்கள். மெத்தையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்லித் தருவதுமில்லை. பெட்ஷீட் அழுக்கானால் துவைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு அடியில் இருப்பதை வீடு மாறும்போதுதான் திருப்பிப் பார்க்கிறோம். அப்போது பூஞ்சணம் பிடித்து, மஞ்சள் பூத்து, வாடை அடித்துக் கிடக்கும்.

சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் படுக்கையைக் கெடுப்பதில் முதல் இடம் ஈரத்துக்குத்தான். அழுக்கு அதற்கு அப்புறம். ராத்திரி முழுக்க நம் வியர்வையும் மூச்சின் ஈரமும் மெத்தைக்குள் இறங்குகிறது. காற்றிலும் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் பகலில் அது தானாக வெளியேறுவது குறைவு. தூசிப்பூச்சி என்று கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் படுக்கையில் வாழ்கிறது. கால் மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதன் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. அது கடிக்காது. ஆனால் அதன் கழிவுதான் பலருக்குக் காலைத் தும்மலையும் மூக்கடைப்பையும் வீசிங்கையும் கிளப்பி விடுகிறது. பூஞ்சணத்துக்கும் இதே ஈரம்தான் வேண்டும். ஆகவே கீழே சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் துவைப்பதைப் பற்றியதல்ல, உலர்த்துவதைப் பற்றியது.

வாங்கிய அன்றைக்கே

புது மெத்தை வந்ததும் அதன் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எறியுங்கள். அழுக்காகாது என்று நினைத்து அந்த உறையோடேயே வருஷக்கணக்கில் படுக்கும் வீடுகள் நிறைய. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மெத்தை உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போகும். ஃபோம் மெத்தையில் முதல் இரண்டு நாள் ஒரு மருந்து வாடை வரும். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தால் போய்விடும்.

அடுத்து, மெத்தை எதன் மேல் இருக்கிறது என்று பாருங்கள். கட்டில் வாங்க இப்போது வசதியில்லை, தரையில்தான் போட்டுக்கொள்கிறோம் என்றால் தவறில்லை. ஆனால் டைல்ஸ் தரை குளிர்ச்சியானது. மேலிருந்து இறங்கும் ஈரம் மெத்தையின் அடிப்பக்கத்தில் போய்த் தங்கும். அதனால் தினமும் காலையில் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து நிறுத்துவது கட்டாயம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றுகூட வேண்டாம். கட்டில் இருந்தால் அதன் பலகையைப் பாருங்கள். இடைவெளி விட்டு அடித்த பலகைகள் என்றால் நல்லது. ஒரே பிளைவுட் ஷீட்டாக இருந்தால் தச்சரைக் கூப்பிட்டு அங்கங்கே துளை போடச் சொல்லுங்கள், சின்ன வேலைதான். அடியில் பெட்டி வைத்த கட்டிலில் இது இன்னும் அவசியம், ஏனென்றால் அங்கே காற்று நுழையவே வழி கிடையாது.

மெத்தைக்கு மேல் ஜிப் வைத்த பருத்தி உறை ஒன்று, அதற்கு மேல் பெட்ஷீட். தலையணைக்கும் அப்படியே இரண்டு உறை: உள்ளே ஜிப் வைத்தது, வெளியே அடிக்கடி மாற்றுவது. தலைக்கு எண்ணெய் வைக்கும் வீடுகளில் ஒற்றை உறை போதவே போதாது. எண்ணெய் அதைத் தாண்டிப் பஞ்சுக்குள் இறங்கிவிடும், அப்புறம் அதை எடுக்க முடியாது.

பெட்ஷீட் எத்தனை வேண்டும்? ஒரு கட்டிலுக்கு மூன்று: விரித்தது ஒன்று, துவைக்கப் போட்டது ஒன்று, அலமாரியில் ஒன்று. இரண்டு போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐப்பசியில் துவைத்தது காயாமல் தொங்கும்போதுதான் மூன்றாவதன் அருமை தெரியும். வியர்க்கும் ஊருக்குப் பருத்தியே சரி. கரூர், சென்னிமலை பக்கத்துப் பருத்தி விரிப்புகள் எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. பாலியஸ்டர் கலந்தது சீக்கிரம் காயும், சுருங்காது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது, கோடையில் முதுகில் ஒட்டும். நூறு சதவீதப் பருத்தி முதல் துவையலில் கொஞ்சம் சுருங்கும் என்பதால் மெத்தை அளவுக்குக் கச்சிதமாக வாங்காமல் சற்றுப் பெரியதாகவே வாங்குங்கள். படுப்பதற்கு முன் ஒரு முறை துவைத்துவிடுங்கள், நெசவில் ஏற்றிய கஞ்சி போய் மெத்தென்று ஆகும். அடர்நிறமாக இருந்தால் முதல் இரண்டு மூன்று தடவை தனியாகவே துவையுங்கள். கல்லுப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். அதை நம்பி வெள்ளை வேட்டியோடு சேர்த்துப் போட வேண்டாம்.

காலை வேலை

எழுந்த உடனே போர்வையை மடித்து, மெத்தைமேல் விரிப்பை இழுத்துவிட்டு அழகாக வைப்பதுதான் நல்ல பழக்கம் என்று சொல்லி வளர்க்கப்பட்டிருப்போம். நான் அதில் ஒரு திருத்தம் சொல்வேன். எழுந்ததும் போர்வையை உதறிக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிடுங்கள். தலையணைகளை நிமிர்த்தி நிறுத்துங்கள். மின்விசிறியை அரை மணி நேரம் ஓடவிட்டு ஜன்னலைத் திறந்துவையுங்கள். பல் தேய்த்து, காபி குடித்து, குளித்து முடித்தபின் வந்து மடித்து வையுங்கள். ஈரத்தோடு மூடி வைப்பதற்கும் உலரவிட்டு மூடி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டே வாரத்தில் மூக்குக்குத் தெரியும்.

ஈரத்தலையோடு படுப்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி தலைக்குக் குளித்தால் முடி காய்ந்தபின் படுங்கள், அல்லது தலையணைமேல் ஒரு துண்டு விரித்துக் காலையில் அதை எடுத்துவிடுங்கள்.

பெட்ஷீட், தலையணை உறை துவைக்கும் முறை

பெட்ஷீட் வாரம் ஒரு முறை. தலையணை உறை வாரம் இரண்டு முறை. முகப்பரு உள்ளவர்களும் எண்ணெய் வைப்பவர்களும் இதை விடக்கூடாது. ஏசி அறையில் படுப்பவர்கள் பெட்ஷீட்டுக்குப் பத்து நாள் வரை தள்ளலாம்.

முதலில் மாடியில் அல்லது பால்கனியில் நன்றாக உதறுங்கள். முடி, மணல், பிஸ்கட் துகள் எல்லாம் அங்கேயே போகட்டும், மெஷினுக்குள் போனால் ஃபில்டரை அடைக்கும். உதறும்போதே கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கறை இருந்தால் அதை முதலில் தனியாகக் கவனிக்க வேண்டும் (எப்படி என்று கீழே சொல்கிறேன்). மொத்தமாக வெந்நீரில் போட்டுவிட்டு அப்புறம் பார்த்தால் சில கறைகள் நிரந்தரமாகிவிடும்.

ஊறவைப்பது அரை மணி நேரம் போதும். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் துவைப்பது நம் வழக்கம். ஆனால் கோடையில் பன்னிரண்டு மணி நேரம் சோப்புத் தண்ணீரில் கிடந்தால் நாற்றம் பிடிக்கும், சாயமும் இறங்கும்.

சோப்புத்தூள் குறைவாகப் போடுங்கள். நுரை நிறைய வந்தால்தான் சுத்தம் என்பது தப்பான எண்ணம். அலசலில் போகாத சோப்பு துணியில் தங்கி அதை விறைப்பாக்கும், தோலில் அரிப்பும் தரும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்புக்கட்டியை விடத் தூளோ திரவமோ நல்லது. கடினநீரில் கட்டிச் சோப்பு திரிதிரியாகப் படிந்து வெள்ளைத் துணியைச் சாம்பல் நிறமாக்கும். கடைசி அலசலில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றினால் அந்தப் படிவு குறையும். மென்மைக்கென்று விற்கும் கண்டிஷனர் வேண்டாம் என்பது என் கருத்து. அது நூலின்மேல் படிந்து, பருத்தி வியர்வையை உறிஞ்சும் குணத்தையே குறைக்கிறது.

மெஷினில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். டபுள் காட் பெட்ஷீட் இரண்டு, உறைகள் நான்கு என்பதே சாதாரண மெஷினுக்குச் சரி. பெட்ஷீட் முறுக்கிக்கொண்டு நடுவில் ஒரு பந்தாகி, அதற்குள் உறைகள் மாட்டிக்கொண்டால் எதுவும் சுத்தமாகாது. பாதியில் ஒரு தரம் நிறுத்திப் பிரித்துவிடுங்கள்.

வெந்நீர் எப்போது? வீட்டில் யாருக்காவது தூசி ஒவ்வாமை, வீசிங், சிரங்கு இருந்தால் வெந்நீர்தான். 55 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் தூசிப்பூச்சி செத்துவிடும், குளிர்ந்த தண்ணீரில் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஹீட்டர் உள்ள மெஷினில் 60 என்று வைத்தால் முடிந்தது. இல்லாவிட்டால் பெரிய பக்கெட்டில் ஒரு பங்கு குழாய்த்தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஒரு பங்கு கொதிநீர் ஊற்றுங்கள். ஏறக்குறைய 60 டிகிரிக்கு வரும். துணியை அதில் அமிழ்த்தி அரை மணி மூடி வைத்துவிட்டு வழக்கம்போலத் துவையுங்கள். குழந்தைகள் நடமாடும் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திவைத்துச் செய்யுங்கள். வெளிர்நிறப் பருத்தி இந்தச் சூட்டைத் தாங்கும். அடர்நிறம் கொஞ்சம் வெளுக்கும், அது தெரிந்தே செய்வது.

சிரங்கு வந்திருந்தால், நோயாளி கடைசி மூன்று நாளில் பயன்படுத்திய எல்லாத் துணியையும் இப்படித் துவைக்க வேண்டும். துவைக்க முடியாத தலையணை, பொம்மை போன்றவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். மனிதத் தோலை விட்டு விலகிய சிரங்குப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

வெள்ளைப் பெட்ஷீட்டுக்கு நீலம் போடுபவர்கள் ஒரு மக் தண்ணீரில் முழுக்கக் கரைத்துவிட்டு அதைப் பக்கெட்டில் கலக்க வேண்டும், நேராகச் சொட்டு விட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பிளீச் வெள்ளைப் பருத்திக்கு மட்டும், அட்டையில் சொன்ன அளவுக்கு மட்டும். பிளீச்சோடு வினிகரையோ பாத்ரூம் கழுவும் ஆசிட்டையோ எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கஞ்சி போடும் பழக்கம் பெட்ஷீட்டுக்கு வேண்டவே வேண்டாம். இராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்து பிடித்தமான தீனி. மழைக்காலத்தில் பூஞ்சணமும் அதன்மேல்தான் முதலில் ஏறும்.

காயப்போடும்போது கொடியை முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். நிறத்துணியை உட்புறம் வெளியே வரும்படி போடுங்கள். காலை பத்து மணிக்குள் போட்டு மூன்று, மூன்றரைக்குள் எடுத்துவிடுவது உத்தமம். சாயங்காலம் வரை விட்டால் காற்றில் ஏறும் ஈரத்தைத் துணி திரும்ப வாங்கிக்கொள்ளும். இன்னொன்று முக்கியம். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு மடித்து பீரோவில் அடுக்காதீர்கள். அரை மணி நேரம் கட்டில்மேல் விரித்துப் போட்டு, சூடு ஆறியபின் ஓரத் தையலைத் தொட்டுப் பாருங்கள். நடுப்பகுதி காய்ந்தாலும் மடிப்புத்தையல் ஈரமாகவே இருக்கும். அது காயாமல் உள்ளே போனால் பக்கத்தில் உள்ள துணியும் வாடை பிடிக்கும்.

கறைகள்

ரத்தம்: பச்சைத் தண்ணீர் மட்டும். சூடு பட்டால் ரத்தத்திலுள்ள புரதம் நூலோடு இறுகிவிடும். குழாயடியில் கறையின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் பாயவிட்டு, சோப்பு தேய்த்து அலசுங்கள். வெள்ளைத் துணியில் மிச்சம் தெரிந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சில சொட்டு விடலாம். நிறத்துணியில் விட்டால் அந்த இடம் வெளுத்துவிடும்.

மஞ்சள்: சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். சோப்பின் காரத்தால் மஞ்சளின் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். துவைத்து அலசிவிட்டு நல்ல வெயிலில் கறை மேலே தெரியும்படி காயப்போடுங்கள். மஞ்சளின் நிறமி வெயிலில் சிதையும். இரண்டு மூன்று வெயிலில் பெரும்பாலும் மறைந்துவிடும்.

தலை எண்ணெய்: பாத்திரம் தேய்க்கும் திரவத்தைக் கறைமேல் விட்டுப் பத்து நிமிஷம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் கசக்குங்கள். எண்ணெய் போகாமல் இஸ்திரி போட்டால் அந்தக் கறை இறுகிவிடும்.

மருதாணிக் கறை பருத்தியிலிருந்து போகாது. வைத்துக்கொண்டு படுக்கும் அன்றைக்குப் பழைய விரிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தை மெத்தையை நனைத்துவிட்டால் வேகம்தான் எல்லாம். உலர்ந்த துண்டை வைத்து உடம்பு எடையால் அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள், உள்ளே இறங்கும். கொஞ்சமாகப் பச்சைத் தண்ணீர் தெளித்து இன்னொரு முறை ஒற்றுங்கள். அப்புறம் ஆப்பசோடாவைத் தாராளமாகத் தூவி ஆறேழு மணி நேரம் விட்டுவிடுங்கள். அது ஈரத்தையும் வாடையையும் இழுக்கும். பிறகு வாக்குவம் கிளீனராலோ பிரஷ்ஷாலோ தூளை எடுத்துவிட்டு மெத்தையை நிறுத்தி மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். ரப்பர் ஷீட் போடுகிறீர்கள் என்றால் குழந்தை படுக்கும் இடத்தில் மட்டும் போடுங்கள், மெத்தை முழுக்க மூட வேண்டாம். குழந்தை என்று வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தலையணையும் புதைகிற மெத்தையும் வேண்டாம். முகம் புதைந்து மூச்சு முட்டும் அபாயம் உண்டு. சமமான, கெட்டியான படுக்கைதான் பாதுகாப்பு.

தலையணை

உள்ளே என்ன என்று தெரிந்துகொண்டுதான் தொட வேண்டும். பாலியஸ்டர் ஃபைபர் தலையணையை மெஷினில் துவைக்கலாம். இரண்டாகப் போட்டால் எடை சமமாகி மெஷின் ஆடாது. மிதமான சுழற்சி, குறைந்த சோப்பு, இரண்டு அலசல். காய இரண்டு முழு நாள் வெயில் வேண்டும். சில மணிக்கு ஒரு தரம் எடுத்துத் தட்டி உள்ளே கட்டிய பஞ்சைப் பிரித்துவிடுங்கள். நடுவில் அழுத்திப் பார்த்துக் குளிர்ச்சியாகத் தெரிந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். நான்கு மாதத்துக்கு ஒரு முறை போதும். மழை மாதங்களில் துவைக்கவே கூடாது.

இலவம்பஞ்சுத் தலையணையைத் துவைக்கக் கூடாது. ஃபோம், லேடெக்ஸ் தலையணைகளையும் நனைக்கக் கூடாது, முறுக்கினால் கிழியும். அவற்றுக்கு உறையைத் துவைப்பதும் நிழலில் காற்றாட வைப்பதும் போதும்.

மெத்தை: வெயில் யாருக்கு, நிழல் யாருக்கு

எல்லா மெத்தையையும் மாடியில் வெயிலில் போட்டால் நல்லது என்று சொல்கிறவர்கள் இலவம்பஞ்சு மெத்தையை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். லேடெக்ஸும் ஃபோமும் வெயிலில் கெடும். புற ஊதாக் கதிரும் சூடும் பட்டு மஞ்சளித்து, நாளடைவில் பொடியாக உதிரும். தென்னைநார் மெத்தையிலும் நாரை ஒட்ட வைத்திருப்பது ரப்பர்பால்தான், அதற்கும் கடும் வெயில் ஆகாது. இந்த மூன்றையும் காற்றோட்டமான நிழலில், ஜன்னலோரத்தில் நிறுத்தி வையுங்கள். தென்னைநார் மெத்தையை மடக்கவும் கூடாது, உடைந்தால் அந்த இடம் பள்ளமாகும். ஸ்பிரிங் மெத்தைக்கும் நிழல்தான். ஒரு பக்கம் மட்டும் படுக்கும்படி செய்திருந்தால் கவிழ்க்காமல் தலைமாடு கால்மாடு மட்டும் மாற்றுங்கள். எந்த மெத்தையானாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் இந்தத் தலைமாற்று வேலையைச் செய்தால் பள்ளம் விழுவது தள்ளிப்போகும்.

இலவம்பஞ்சு வேறு ரகம். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் வட்டாரத்தில் இந்தப் பஞ்சும் மெத்தைத் தொழிலும் பேர் பெற்றவை. கோடையில் காய் வெடிக்கும் பருவத்தில் பறித்து, காயவைத்து, கொட்டை நீக்கி எடுக்கிறார்கள். இதன் நார் உள்ளே கூடாக, காற்று நிறைந்து இருக்கும். வெளியே மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. தண்ணீர் லேசில் ஏறாது, மிதக்கும். கப்பல்களில் உயிர்காக்கும் மேலங்கிகளுக்குள் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். இந்தக் காற்றால்தான் இலவம்பஞ்சு மெத்தை மெத்தென்று இருக்கிறது. வாங்கும்போது தையலைக் கொஞ்சம் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கையில் எடுத்தால் எடையே தெரியக்கூடாது, பட்டுபோல மினுங்க வேண்டும், கொட்டை இருக்கக்கூடாது. கனமாக, மங்கலாக இருந்தால் மில் கழிவுப்பஞ்சு கலந்திருக்கும்.

இதைப் பராமரிக்கும் முறை இதுதான். மாதம் ஒரு முறை, மேகமில்லாத நாளாகப் பார்த்துக் காலை பத்து மணிக்கு மாடிக்குக் கொண்டு போங்கள். தரையில் நேராகப் போடாமல் பாயோ பழைய ஜமக்காளமோ விரித்து அதன்மேல் போடுங்கள். நாற்காலிகளை வரிசையாக வைத்து அவற்றின்மேல் கிடத்தினால் அடியிலும் காற்று போகும், அது இன்னும் நல்லது. இரண்டு மணி நேரம் ஒரு பக்கம், இரண்டு மணி நேரம் மறுபக்கம். காய்ந்தபின் மூக்கில் துணி கட்டிக்கொண்டு பிரம்பால் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், இலவம் நார் மொறுமொறுப்பானது, அடியில் ஒடிந்து தூளாகும். தட்டுவதை ஏன் கடைசியில் வைக்கிறோம் என்றால், வெயில் தூசிப்பூச்சியை வாட்டும், ஆனால் அதன் கழிவும் செத்த உடலும் உள்ளேயே இருக்கும். அதைத் தட்டித்தான் வெளியேற்ற வேண்டும். வீசிங் உள்ளவர் அந்த நேரம் மாடிப்பக்கம் வரக்கூடாது. சூடு ஆறியபின் கீழே கொண்டுவந்து விரியுங்கள்.

கத்திரி வெயில் நாட்கள், அதாவது மே மாதம் முதல் வாரம் தொடங்கி மாதக் கடைசி வரை, இந்த வேலைக்கு ஆண்டிலேயே சிறந்த காலம். அந்த வருஷத்தின் பெரிய சுத்தத்தை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

சில வருஷத்தில் பஞ்சு அமுங்கிக் கட்டியாகும். அப்போது மெத்தையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பஞ்சடிப்பவரிடம் கொடுத்தால் பிரித்து, அடித்து, தூசு நீக்கி, குறைந்ததற்குப் புதுப்பஞ்சு சேர்த்து, புது உறையில் நிரப்பித் தைத்துத் தருவார். முடிந்தால் வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள், உங்கள் பஞ்சு உங்களுக்கே திரும்பி வரும். இப்படி உயிர்கொடுத்து உயிர்கொடுத்துப் பயன்படுத்தக்கூடிய மெத்தை என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு.

ஓர் எச்சரிக்கை. காய்ந்த இலவம்பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். கொசுவத்தியை மெத்தை ஓரத்திலோ கட்டிலுக்கு அடியிலோ வைக்காதீர்கள்.

போர்வை, ஜமக்காளம், பாய், கொசுவலை

பருத்திப் போர்வை மாதம் ஒரு முறை. கம்பளியைப் பச்சைத் தண்ணீரில், மென்மையான திரவச் சோப்பில், முறுக்காமல் அமுக்கி எடுத்து, தொங்கவிடாமல் தட்டையாகப் போட்டு நிழலில் காயவிடுங்கள். பவானி ஜமக்காளம் தண்ணீர் குடித்தால் ஓர் ஆள் தூக்க முடியாத கனம் கனக்கும், சாயமும் இறங்கும். மொட்டைமாடித் தரையிலேயே விரித்து சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, ஊற்றி அலசி, கைப்பிடிச்சுவரில் போட்டுக் காயவைப்பதுதான் வசதி. கோரைப்பாயை ஊறவைக்கக் கூடாது. பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, இளவெயிலில் முழுக்கக் காயவிட்டு, மடிக்காமல் சுருட்டி நிறுத்தி வையுங்கள். பத்தமடைப் பாய்போல நேர்த்தியான நெசவு என்றால் மடிப்பு விழுந்த இடத்தில் கோரை ஒடியும்.

கொசுவலையில் மருந்தேற்றிய வகை இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் துவைக்காதீர்கள். மென்மையான சோப்பு, பச்சைத் தண்ணீர், நிழலில் உலர்த்தல். வெயில் அந்த மருந்தைச் சிதைத்துவிடும். சாதாரண வலைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஐப்பசி, கார்த்திகை

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மேலே சொன்ன அட்டவணை எல்லாம் தளரும், தளரவும் வேண்டும். கனமான எதையும் அக்டோபருக்கு முன்பே துவைத்து முடித்துவிடுங்கள். மழையில் பெட்ஷீட்டை ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் துவைக்காதீர்கள். மெஷினில் இரண்டாவது தடவை ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள். ஹாலில் கொடி கட்டி மின்விசிறிக்கு நேர்கீழே இரட்டையாக மடிக்காமல் விரித்துப் போடுங்கள். படுக்கையறையில் காயப்போட்டால் அந்த ஈரமெல்லாம் மெத்தைக்குத்தான் போகும். லேசான ஈரத்தோடு இருக்கும்போது இஸ்திரி போட்டால் மிச்ச ஈரம் ஓடிவிடும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளிப் போடுங்கள், ஓதம் ஏறும் சுவர் என்றால் இரண்டு கையகலம். வெயில் ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்தாலும் ஜன்னலைத் திறந்து தலையணைகளை அதன் ஓரம் வைத்துவிடுங்கள்.

மெத்தையில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால், வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து பிழிந்த துணியால் துடைத்து, முழுக்க உலர்த்துங்கள். ஃபோமுக்குள் கரும்புள்ளியாக இறங்கிவிட்டால் காப்பாற்ற முடியாது, கழித்துவிடுவதே நல்லது.

மூட்டைப்பூச்சி வந்துவிட்டால்

இது அசுத்தத்தால் வருவதில்லை, விருந்தாளியாக வருவது. பழைய மெத்தை, பழைய கட்டில், ஹாஸ்டலில் இருந்து வந்த பெட்டி, பயணப் பை வழியாக நுழையும். அதனால் காலி செய்துவிட்டுப் போகிறவர்கள் இலவசமாகத் தரும் மெத்தையை வாங்காதீர்கள். மெத்தையின் தையலோரம், கட்டிலின் மூட்டு, தலைப்பலகையின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மையால் குத்தியதுபோல் கரும்புள்ளிகளும் பெட்ஷீட்டில் துருநிறத் தீற்றல்களும் இருந்தால் உறுதி.

துணிகளை அறையிலேயே பையில் கட்டி எடுத்துப்போய் 60 டிகிரி வெந்நீரில் போடுங்கள், திறந்தபடி தூக்கிப்போனால் வழியெல்லாம் சிந்தும். 50 டிகிரிக்கு மேல் சூடு நேராகப் பட்டால் மூட்டைப்பூச்சி பிழைக்காது. கட்டிலைப் பிரித்து மூட்டுகளிலும் திருகுத் துளைகளிலும் கொதிநீர் ஊற்றுங்கள். மெத்தைத் தையலில் நீராவி இஸ்திரியை மெதுவாக ஓட்டலாம். வெயிலில் போட்டால் மட்டும் போதாது. பூச்சி நிழலான அடிப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும், மெத்தையின் நடுவில் அந்தச் சூடும் ஏறாது. முட்டைகள் ஒரு வாரம் பத்து நாளில் பொரியும் என்பதால் இதே வேலையை இரண்டு வாரம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள். அறையைப் பூட்டிப் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம், மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றுவது தீ விபத்துக்கு வழி. கரப்பான் மருந்தை மெத்தையில் அடித்துவிட்டு அதன்மேல் படுப்பது உடம்புக்குக் கெடுதல். அடங்கவில்லை என்றால் பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், சுவர் இடுக்கு வழியாக அங்கேயும் போயிருக்கலாம்.

எடுத்து வைப்பது, கழிப்பது

உபரிப் போர்வையையும் விரிப்பையும் பாலித்தீன் பையில் கட்டி வைக்காமல் பழைய வேட்டியிலோ பருத்திப் பையிலோ சுற்றி வையுங்கள். காய்ந்த வேப்பிலையும் இரண்டு துண்டு வசம்பும் போடலாம். வேப்பிலை சருகாக நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும், பச்சையாகப் போட்டால் அதுவே ஈரத்தைக் கொண்டுவரும். பாச்சை உருண்டையைப் படுக்கைத் துணியில் போடாதீர்கள். ராத்திரி முழுக்க அந்த ஆவியைச் சுவாசிக்க நேரும். கைக்குழந்தைகளுக்கு, அதிலும் ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு, ரத்த அணுக்கள் சிதையும் அளவுக்கு அது கெடுதல் செய்யும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரு நாள் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள்.

ஃபைபர் தலையணையைப் பாதியாக மடித்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் மடிந்தபடியே கிடந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மெத்தையில் பள்ளம் விழுந்து, எழுந்ததும் இடுப்பு பிடித்து, வேறு இடத்தில் படுத்தால் அது சரியாகிறது என்றால் மெத்தையும் அப்படித்தான். நைந்த பருத்தி விரிப்பைக் கிழித்துச் சமையலறைக்குக் கைப்பிடித் துணியாகவும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளலாம். நல்ல நிலையில் உள்ள போர்வையைத் துவைத்துத் தெருநாய்களைப் பராமரிக்கும் காப்பகங்களுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். பழைய ஃபோம் மெத்தையைத் தெருமுனையிலோ கால்வாயிலோ போட்டுவிட்டு வராமல், உங்கள் பகுதித் தூய்மைப் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லி, வண்டி வரும் நாளில் கையோடு கொடுத்துவிடுங்கள்.